ரோஜா மாலை தின்ற யந்திரம்

பிப்ரவரி ஒன்பது, வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். தைப் பனி விட்டபாடில்லை. மூக்குக்கண்ணாடியை இரண்டு தடவை துடைத்தும், உஸ்மான் ரோட்டு விளக்குகள் நனைந்த பஞ்சு உருண்டைகளாகத்தான் தெரிந்தன. துளிக் காற்று இல்லை. ஈரத்தைக் காயவைக்கப் போகிறவனுக்கு இதைவிட மோசமான வானிலை கிடையாது.

நாளையும் நேரத்தையும் இவ்வளவு சுத்தமாகச் சொல்கிறவன் வருஷத்தைச் சொல்லாமல் விடுவானேன் என்று ஆதம்பாக்கத்து வாசகர் ஒருவர் உடனே கார்டு போடுவார். போன வாரமும் போட்டார். எழுபத்திரண்டா, எழுபத்து மூன்றா என்பதில் எனக்கும் என் மனைவி கோமளத்துக்கும் இன்னும் வழக்கு நடக்கிறது. தீர்ப்பு வந்ததும் தெரிவிக்கிறேன்.

அந்தப் பனியில், ஒரு பட்டுப் புடவைக் கடை வாசலில், எங்கள் வண்டி நின்றுகொண்டிருந்தது. பால்கோவா நிறம். பக்கவாட்டில் பித்தளைக் கம்பி போட்ட பெரிய ஜன்னல். வண்டியைச் சுற்றி நான்கு தடவை நடந்தேன். நெஞ்சு என்னவோ பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பையனுடையதைப் போலக் குதித்துக்கொண்டிருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் குதிக்கிறது. டாக்டர் கூடாது என்கிறார்.

அது கம்பளம் துவைக்கும் வண்டி. உள்ளே, ஒரு பழைய காரிலிருந்து கழற்றிய பெட்ரோல் இஞ்சின். அது பெல்ட் போட்டு ஒரு பம்பைச் சுழற்றும். பம்பு சோப்பு கலந்த வெந்நீரை ஒரு குழாய் வழியாக அனுப்பும். அதே இஞ்சின் ஓர் உறிஞ்சியையும் சுழற்றும். அது அழுக்குத் தண்ணீரை இன்னொரு குழாய் வழியாகத் திரும்ப இழுத்துக்கொள்ளும். தண்ணீர் காய்வது இஞ்சினின் சூட்டிலேயே. வண்டி தெருவில் நிற்க, குழாய்கள் மட்டும் ஜன்னல் வழியாக மாடிக்குப் போகும். கம்பளத்தைப் பெயர்க்க வேண்டாம், மொட்டை மாடிக்குத் தூக்கி மூங்கிலால் அடிக்க வேண்டாம். மின்சாரமும் வேண்டாம். மின்வெட்டில் ஊரே விசிறிமட்டையோடு உட்கார்ந்திருந்த காலம் அது. மின்சாரம் வேண்டாம் என்று சொல்லும்போது மட்டும் கேட்பவர்களின் புருவம் உயரும்.

மாப்பிள்ளைக்குச் சட்டை

கிண்டியில் ஒரு பம்பு கம்பெனியில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவன் நான். நூலகத்தில் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் இந்த மாதிரி வண்டியின் படத்தைப் பார்த்தேன். உள்ளங்கை அகலப் படம். அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. வேலையை ராஜினாமா செய்து, பிராவிடண்ட் ஃபண்டை வாங்கி, முழுவதையும் அந்தப் படத்தில் போட்டேன்.

கூட்டாளி, கோமளத்தின் தம்பி ரகு. தட்டச்சு யந்திரம் விற்கும் சேல்ஸ்மேனாக இருந்தவன். ஒரு பொருளை நான் உள்ளேயிருந்து வெளியே பார்ப்பேன். அவன் வெளியே பார்த்ததோடு சரி. உள்ளே போகவே மாட்டான்.

அடையாற்றில், ஆற்றோரமாக ஒரு நண்பரின் கார் ஷெட்டில் யந்திரத்தைக் கட்டினோம். முதல் சோதனைக்கு ஒரு கல்யாண மண்டபத்தின் ஜமுக்காளத்தை இரவல் வாங்கி விரித்தோம். இஞ்சின் உறுமியது. அழுக்கு வருவதைப் பார்க்க, குழாயின் நடுவே ஒரு சாண் கண்ணாடிக் குழல் வைத்திருந்தேன். முதலில் டிகாக்‌ஷன் வந்தது. அப்புறம் இரண்டாம் டிகாக்‌ஷன். அப்புறம் சுக்குத் தண்ணீர். அதன்பின் தெளிந்துகொண்டே வந்து, ஜமுக்காளத்தில் யாருமே பார்த்திராத ஒரு பச்சைக் கோடு தெரிந்தது. நானும் ரகுவும் கையைக் கோத்துக்கொண்டு குதித்தோம். எனக்கு அப்போது வயது நாற்பத்து நான்கு.

பட்டுக்கடை முதலாளி சொர்ணவேல் அண்ணாச்சியை ஷெட்டுக்கு அழைத்து வந்து காட்டினோம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவருக்குக் கடைகள் மூன்று, மண்டபம் ஒன்று. நான்கிலும் தரை முழுக்கக் கம்பளம். அவர் வருஷ ஒப்பந்தம் கொடுத்தால் நாங்கள் பிழைத்தோம். கொடுக்காவிட்டால் நான் கிண்டிக்கே திரும்பிப் போய், என்னிடம் வேலை கற்றவனிடம் வேலை கேட்க வேண்டும்.

அண்ணாச்சி யந்திரத்தை நிதானமாகப் பார்த்தார். அப்போது அதற்கு உடம்பு இல்லை. இஞ்சின், தொட்டி, பெல்ட் எல்லாம் திறந்த மேனிக்குக் கிடந்தன.

"வேல நல்லாத்தான் செய்யுது, சாமி," என்றார். "ஆனா இந்த எண்ணெச் செக்கக் கொண்டாந்து நம்ம கட வாசல்ல நிறுத்துனா, பட்டு எடுக்க வாரவ பயந்துபோயி அடுத்த கடைக்குள்ள நொழஞ்சிருவா."

அவ்வளவுதான். ரகு கையில் கடிவாளம் போயிற்று. ராயப்பேட்டையில் கார் உடம்பு கட்டும் பாய் ஒருவரிடம் போய், ஒட்டுத் தெரியாத ஒரே தகட்டில் யந்திரத்தை மூடினான். திருகுகள் கண்ணில் படக் கூடாதென்று அவற்றின் மேல் பித்தளைப் பட்டி. பட்டியின் இடுக்கை அடைக்க மக்கு. மக்கின் மேல் பெயின்ட். இஞ்சினைக் குளிர்விக்கும் விசிறிக்குக் காற்றுப் போக வைத்த பித்தளை ஜன்னலில் கம்பிகள் அகல அகலமாக இருந்தன. உள்பக்கம் வலை அடிக்கச் சொன்னேன். வலை கோழிக் கூண்டு மாதிரி இருக்குமாம். அந்தப் பித்தளைக்காக அவன் தன் மோட்டார் சைக்கிளை விற்றிருந்தான் என்பதால் மேற்கொண்டு பேச முடியவில்லை.

ஆனால் கதவுக்காகப் பேசினேன். பெல்ட் தளரும், வடிகட்டி அடைக்கும், வாரம் ஒரு தடவையாவது உள்ளே கை போக வேண்டும். தகட்டைக் கழற்ற அறுபத்து நான்கு திருகு. நான் எண்ணினேன்.

"அத்திம்பேர், இது நமக்கு மாப்பிள்ளை மாதிரி," என்றான் ரகு. "ஜானவாசத்துக்கு மாப்பிள்ளையைச் சட்டையில்லாம அனுப்புவேளா?"

"சட்டை போடு, வேண்டாங்கலை. மாப்பிள்ளைக்கு வயித்து வலி வந்தா டாக்டர் அறுபத்து நாலு பொத்தான் கழட்டிண்டிருக்கப்படாது."

ரேடியோ உறை

இந்த இடத்தில் எங்கள் வீட்டு ரேடியோவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அந்த நாளில் மயிலாப்பூரில் ரேடியோ இருந்த வீடுகளிலெல்லாம் ரேடியோவுக்கு உறை இருந்தது. எங்கள் வீட்டு உறையில் கோமளம் இரண்டு கிளி பின்னியிருந்தாள். ஒன்றுக்குக் கண் இல்லை. சிவப்பு நூல் தீர்ந்துவிட்டது. அந்தக் கண்ணில்லாத கிளியைக் கடைகடையாக ஏறிச் சிவப்பு நூல் வாங்கி நான் குணப்படுத்தியிருக்க வேண்டும் என்பது அவள் கட்சி. அது தனி வழக்கு.

எங்கள் சண்டையை அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவள் வெளியே வந்து, "ரேடியோவுக்குப் போட்டிருக்கிறாப்பல மேலே ஒரு துணியைப் போட்டு மூடிட்டாத்தான் என்ன? வேணுங்கறப்போ தூக்கிக்கலாமே," என்றாள்.

நானும் ரகுவும் அந்த மாதத்திலேயே முதல் தடவையாக ஒரே அபிப்பிராயத்துக்கு வந்தோம். இருவரும் சிரித்தோம். வண்டிக்குக் கிளி பின்னப் போகிறாயா என்று ரகு கேட்டான். அவள் உள்ளே போய்த் தாளிக்க ஆரம்பித்தாள்; கடுகு வழக்கத்தைவிட அதிகமாக வெடித்தது.

பெரிய மனிதர் போட்ட மாலை

மறுபடியும் அந்த வெள்ளிக்கிழமை.

ஆறரைக்கு அண்ணாச்சி வந்தார். கும்பகோணத்திலிருந்து ஒரு பெரிய குடும்பம் மூன்று கல்யாணத்துக்குச் சேர்த்து ஜவுளி எடுக்க வருகிறது, ஒன்பதரைக்கு முதல் மாடியில் உட்காருவார்கள். பட்டுக்கடையில் நாற்காலி கிடையாது. கம்பளத்தில்தான் உட்கார வேண்டும், புடவைகளையும் அதன் மேலேதான் உதறி விரிப்பார்கள். கம்பளத்தில் ஈரம் இருந்தால் பட்டு பாழ். "அவ்வோ உக்காரும்போது காஞ்சு கெடந்தா ஒப்பந்தம் உங்களுக்கு," என்றார். காயாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

பிறகு அவர் கையிலிருந்த வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்தார். ரோஜாவும் சம்பங்கியும் சேர்த்துக் கட்டி, இடையிடையே சரிகை சுற்றிய, மார்பு வரை தொங்குகிற கனத்த மாலை. புது யந்திரம், வெள்ளிக்கிழமை, முதல் வேலை. மாலை போடாமல் தொடங்குவது அவர் வழக்கத்தில் இல்லை.

முன் பம்பரில் போடலாம் என்று இடம் காட்டினேன். அவர் வண்டியை ஒரு சுற்று வந்து, பித்தளை ஜன்னலுக்கு முன்னால் நின்றார். அது விளக்கு வெளிச்சத்தில் கவசம் சாத்திய சன்னிதி மாதிரி மின்னியது.

"முன்னால இருக்கது வண்டி ஓட்டுக இஞ்சினு," என்றார். "வேல செய்யுத சாமி இங்கனல்லா இருக்கு."

தர்க்கத்தில் பிழையே இல்லை. அந்த ஜன்னலுக்கு நேர் பின்னால் ஒரு சாண் தூரத்தில் விசிறி. விசிறியின் தண்டிலேயேதான் உறிஞ்சியின் பெல்ட்டும். நான் வாயைத் திறந்தேன். ரகு என் காலை மிதித்தான். வருஷ ஒப்பந்தம் கொடுக்கப் போகிறவர் கையால் போட்ட மாலையை, அவர் கண்ணெதிரே எவன் எடுப்பான்? தகரக் கூண்டாக இருந்திருந்தால் அவர் அங்கே மாலை போட்டிருக்கவே மாட்டார். அழகாக இருந்ததால்தான் போட்டார். இதைப் பிற்பாடு ரகுவிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று மட்டும் நான் எண்ணவில்லை.

குழாய்களை மாடி ஜன்னலுக்கு ஏற்றினோம். டிரைவர் கன்னியப்பன் யந்திரத்தைக் கிளப்பினான். நான் மாடியில், குழாய்களின் முனையில் மாட்டிய துவைக்கும் கோலைப் பிடித்தேன். ரத்தச் சிவப்புக் கம்பளம். காபிக் கறை பதினொன்று, வெற்றிலைக் கறை மூன்று, குழந்தைகளின் கைங்கரியம் கணக்கில்லை. கோலை இழுக்க இழுக்க, பின்னால் ஒரு சிவப்புப் பாதை திறந்துகொண்டே போயிற்று. அண்ணாச்சி செருப்பை விட்டுவிட்டு அந்தப் பாதையோரமாகக் கூடவே நடந்தார். அதற்குள் மின்வெட்டு வந்து கடை இருண்டது. யந்திரம் மட்டும் கீழே உறுமிக்கொண்டே இருந்தது. அண்ணாச்சியின் புருவம் உயர்ந்தது. எனக்குப் பாட வேண்டும் போல இருந்தது.

வேகமாக முடிக்கலாமென்று மீதிப் பாதிக் கம்பளம் முழுவதும் சோப்புத் தண்ணீரைத் தெளித்தேன். அப்போது ரோஜா வாசனை வந்தது. நல்ல வாசனை. அடுத்த நிமிடம் அது வறுத்த ரோஜா வாசனையாக மாறியது. அதற்கடுத்து ரப்பர். கோல் இழுப்பதை நிறுத்தியது. கீழே ஒரு கிறீச், பிறகு நிசப்தம்.

ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். பித்தளைக் கம்பியில் ஒரு முழ வாழைநார் மட்டும் தொங்கியது. கன்னியப்பன் அண்ணாந்து என்னைப் பார்த்தான்.

"மாலைய துன்னுட்ச்சி, சார்."

எண்ணிக்கொண்டு நின்றது

மணி ஏழு முப்பத்தைந்து. மாடியில் பாதிக் கம்பளம் சொதசொதவென்று நனைந்து கிடக்கிறது. உறிஞ்சி இல்லாவிட்டால் அது ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் காயும். நாரும் சரிகையும் தண்டில் சுற்றிப் பெல்ட்டைக் கருக்கிவிட்டன. மாற்றுப் பெல்ட் கைவசம் இருந்தது. அது இல்லாமல் நான் கோயிலுக்குக்கூடப் போக மாட்டேன். ஆனால் உள்ளே கை போக வேண்டுமே.

பட்டியைப் பெயர்த்து முதல் திருகைப் பிடித்தேன். காடியில் பெயின்ட் உறைந்திருந்தது. சுரண்டி, திருப்பி, எடுப்பதற்கு இரண்டு நிமிடம். சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, சிகரெட் அட்டையில் பெருக்கினேன். அறுபத்து நான்கு இரண்டு நூற்று இருபத்தெட்டு நிமிடம். ஒன்பது நாற்பத்து மூன்றுக்குத் தகடு கழலும். இரண்டு பேர் இரண்டு திருப்புளியோடு செய்தால் எட்டு முப்பத்தொன்பது. ஒரே திருப்புளிதான் இருந்தது.

"மலர் அபிஷேகம் பண்ணிக்கீறாங்கோ, வரம் குடுக்காம பூடுமா," என்று கன்னியப்பன் யாரிடமும் இல்லாமல் சொல்லிக்கொண்டான்.

அண்ணாச்சி மாடி ஜன்னலில் தெரிந்தார். தன் மாலைதான் காரணம் என்று அவருக்குப் புரிந்ததா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. புரிந்தால் இன்னும் ஆபத்து. நான் மறுபடியும் பெருக்கினேன். ஒருவேளை முதல் திருகுதான் மோசமோ, மற்றவை ஒன்றரை நிமிடத்தில் வருமோ.

"எண்ணிண்டு நிக்காதேள், அத்திம்பேர்," என்றான் ரகு.

திரும்பிப் பார்த்தேன். அவன் கையில் என் உளியும் சுத்தியலும் இருந்தன. பித்தளை ஜன்னலின் ஓரத்தில் உளியை வைத்தான். மோட்டார் சைக்கிளை விற்று வாங்கிய பித்தளை. மூன்று நாள் தன் கையாலேயே பாலிஷ் போட்டது. ஒரு கணம் கண்ணை மூடினான். பிறகு ஓங்கி அடித்தான்.

உஸ்மான் ரோடு முழுக்கக் கேட்டிருக்கும். பால்கோவா நிறத் தகடு அப்பளம் மாதிரி மடிந்து கிழிந்தது. கன்னியப்பன் கிழிசலுக்குள் இரண்டு கையையும் விட்டு இழுத்தான். நான் உள்ளே தலையைக் கொடுத்து நாரை அறுத்தேன், சரிகையைப் பிய்த்தேன், கருகின இதழ்களைக் கைகையாக அள்ளி வெளியே போட்டேன். புதுப் பெல்ட் ஏறியது. எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் யந்திரம் உறுமியது. திறந்த வயிற்றோடு அது இன்னும் பலமாக, இன்னும் சந்தோஷமாக உறுமியது என்று நான் சொன்னால் ரகு இன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டான்.

மாடிக்கு ஓடினேன். எட்டே முக்காலுக்குக் கம்பளம் முடிந்தது. மின்சாரமும் திரும்பி வந்து, விசிறிகள் சுழன்றன. சற்று நேரம் போனதும் அண்ணாச்சி வெறுங்காலால் நான்கு மூலைக்கும் நடந்தார். பிறகு நட்டநடுவில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். ஒரு வெற்றிலை போடுகிற நேரம் உட்கார்ந்திருந்தார். எழுந்து, சேல்ஸ்மேனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்.

"வேட்டில ஈரம் இருக்கா, பாருலே."

"இல்ல, அண்ணாச்சி."

"தொட்டுப் பாருலே."

தொட்டுப் பார்த்தான். இல்லை. நாற்பத்து நான்கு வயதில் நான் இரண்டாம் தடவை குதித்தேன்.

அரக்குப் புடவை

மாடிப்படிக் கம்பளம் மட்டும் பாக்கி. யந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது கும்பகோணத்துக்காரர்களின் மூன்று கார்களும் தெருமுனையில் திரும்பின. அரை மணி முன்னதாக.

வாசலில் எங்கள் வண்டி, குடல் வெளியே தெரிய, கிழிந்த தகடு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. சுற்றிலும் கருகிய ரோஜா. ரகு தன் முதுகால் கிழிசலை மறைக்கப் பார்த்தான். கிழிசல் அவனைவிட அகலம். செக்குக்குப் பயந்து அடுத்த கடைக்குள் நுழைகிற பெண்மணிகளை நான் மனதில் எண்ண ஆரம்பித்தேன்.

அண்ணாச்சி கடைக்குள் கையை நீட்டினார். சேல்ஸ்மேன் ஒரு புடவையைக் கொடுத்தான். அரக்கு நிறம், ஒரு சாண் ஜரிகைக் கரை. ஒரே உதறு. ஆறு கெஜமும் பனியில் விரிந்து, வண்டியின் பக்கத்தில் போய் விழுந்தது. மேல் விளிம்பைக் கூரை விளிம்பில் இரண்டு இடத்தில் முடிந்தார். தேருக்குச் சீலை கட்டின மாதிரி ஆயிற்று. கனத்த ஜரிகைக் கரை இழுத்துப் பிடித்ததால் விசிறிக்கு எட்டாமல், யந்திரத்தின் மூச்சில் புடவை லேசாக ஆடியது.

"இப்ப வரட்டும்," என்றார்.

காரிலிருந்து முதலில் இறங்கிய அம்மாள் கடை வாசலைக்கூடப் பார்க்கவில்லை. நேராக வண்டியிடம் போய் நின்றாள். மாடியில் உட்கார்ந்ததும் அவள் கேட்ட முதல் புடவை, கீழே வண்டியில் கட்டியிருக்கிறதே அந்த அரக்கு. மூன்று கல்யாணப் பெண்களுக்கும் ஒவ்வொன்று.

ஒப்பந்தம் கிடைத்தது. அண்ணாச்சி ஒரே ஒரு நிபந்தனை சேர்த்தார்: வண்டி வரும்போதெல்லாம் மேலே ஒரு புடவை கட்டியிருக்க வேண்டும். துணி போட்டு மூடும் யோசனையை ரகு என்னுடையதென்றும், நான் ரகுவுடையதென்றும் வீட்டில் கோமளத்திடம் சொல்லக் கூடாதென்று வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தோம். ஏனென்றால் அதைச் சொன்னது யார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

புடவையின் கரையில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை பட்டுவிட்டது. அண்ணாச்சி விலையைக் குறைத்துக்கொண்டார். நான் அதை வாங்கி, விளிம்பில் பன்னிரண்டு கொக்கி தைத்து, தகடு இருந்த இடத்தில் மாட்டினேன். அதன்பின் அந்த யந்திரம் ஓடிய காலமெல்லாம், பெல்ட் மாற்ற எனக்கு ஆனது கொக்கி கழற்றும் நேரம்தான். கிழிந்த பித்தளையை ரகு வீட்டில் வைத்திருக்கிறான். கேட்டால் காட்டுவான். சிரிக்கக் கூடாது.

அன்று மத்தியானம் கோமளம் சாதம் பரிமாறிக்கொண்டே முழுக்கதையையும் கேட்டாள். ரசத்தை ஊற்றிவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"துணி போட்டு மூடுங்கோன்னு நான் சொன்னப்போ ரெண்டு பேரும் சிரிச்சேள்," என்றாள். "சரி. பதினேழு வருஷமா நான் ஒரு அரக்குப் புடவை கேட்டுண்டிருக்கேன். மெஷினுக்கு இன்னிக்குக் காலம்பறதான் பொறந்த நாள்."

மறுநாள் காலை அவளைத் தி.நகருக்கு அழைத்துப் போனேன். பஸ்ஸில் வர மாட்டேன் என்றுவிட்டாள். அதே அரக்கு, அதே கரை. விலையில் ஏதாவது குறையுமா என்று அண்ணாச்சியைத் தனியாக அழைத்துக் கேட்டேன்.

"கற இல்லாத பொடவைக்கு எதச் சொல்லிக் கொறைக்க, சாமி?" என்றார்.

பெல்ட்டும் தகடும் கம்பெனிக் கணக்கு. அவற்றை இதில் சேர்க்கவில்லை. என் சொந்தக் கையிலிருந்து போனது: யந்திரத்தின் புடவை முந்நூற்று எழுபத்தைந்து, கோமளத்தின் புடவை நானூற்றுப் பத்து, டாக்ஸி மூன்று ரூபாய் இருபது காசு. ஆக, எழுநூற்று எண்பத்தெட்டு ரூபாய் இருபது காசு.